சாட்ஸ்வொர்த் சர்ச் வாலிபர்களின் சனிக்கிழமை வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் ஆப்பிரிக்காவில், டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில் நாலைந்து சபைகளின் வாலிபப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து சில வேலைகள் செய்கிறார்கள். சமைத்துப் போடுவது, முதியவர்களைப் பார்க்கப் போவது, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என்று. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ஆங்கிலத்தில் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. கேள்வி கேட்பது வீட்டில் இருப்பவர்கள்தான்: தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்காக இங்கே வந்த பெற்றோர், இன்னும் தமிழ் வாசிக்கிற உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர். ஆராதனை முடிந்து வாசலில், கடையில், போனில் அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். நான் பாளையங்கோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் தமிழில் அந்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில 7 மணிக்கே என் பையன் கிளம்பிடறான். அங்க அப்படி என்னதான் செய்யறாங்க?

பெரும்பாலும் வெங்காயம் உரிக்கிறான். 100 பேருக்குப் பிரியாணி என்றால் 10 கிலோ அரிசி போடுவோம். இந்த ஊர்ப் பிரியாணியில் மசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் இல்லாமல் சரிப்படாது, அதனால் நறுக்குகிற வேலை மூன்று மணி நேரம் இழுக்கும். பதினோரு மணிக்குச் சாப்பாடு வண்டியில் ஏறும்.

இன்னொரு கூட்டம் தனியாக இருக்கிற முதியவர்கள் வீட்டுக்குப் போகிறது. மூன்றாவது கூட்டம் போனை வைத்துக்கொண்டு ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும். 18 முதல் 60 வயதுக்குள், வருமானம் இல்லாதவர்களுக்கு அரசு தருகிற 370 ராண்ட் உதவித்தொகை இருக்கிறதே, எஸ்.ஆர்.டி., அதற்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் போனில் டேட்டா இல்லாதவர்களும், ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறுகிறவர்களும் யாரிடமாவது காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் பிரியாணியைவிட இந்த மேசைதான் பெரிய வேலை.

எத்தனை வயசுல சேரலாம்?

13 வயதிலிருந்து சமையலறைக்கு வரலாம். 18 ஆகும்வரை பெற்றோர் கையெழுத்து வேண்டும். வீடுகளுக்குப் போக 16. வண்டி ஓட்ட 18, அதுவும் லைசென்ஸ் கையில் இருந்தால். லேர்னர்ஸ் வைத்திருக்கிற பிள்ளையிடம் சாவி கொடுக்க மாட்டோம்.

இரத்த தானத்துக்கு இங்கே 16 வயது ஆகி 50 கிலோ எடை இருந்தால் போதும், 56 நாள் இடைவெளி விட்டு மறுபடி கொடுக்கலாம். சமையலில் ஆர்வமில்லாத பையன்கள் நிறையப் பேர் அந்த வழியாகத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

என் பொண்ணோட சினேகிதி கோவிலுக்குப் போற குடும்பம். அவளும் வரலாமா?

வரலாம். வருகிறவர்களில் அப்படிப் பல பேர் உண்டு. தொடக்கத்தில் ஒரு நிமிஷம் ஜெபம் இருக்கும். அந்த நேரம் வெளியே நிற்க விரும்பினால் நிற்கட்டும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சோறு போடற சாக்குல மதம் மாத்தறீங்கன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. நான் என்ன பதில் சொல்ல?

அந்தம்மா சொல்வது வெறும் வம்பு இல்லை. சாமான் பையோடு கைப்பிரதியையும் திணிக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாகத்தான் வந்திறங்கினார்கள். இன்றைக்கும் சாட்ஸ்வொர்த்தில் ஆயா மாரியம்மன் கோவிலுக்குப் போவார், பேத்தி சபைக்கு வருவாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்குள் நாம் போய்ச் சண்டை மூட்டக்கூடாது.

எங்கள் ஒழுங்கு இதுதான்: சாப்பாட்டுப் பொட்டலத்தில் கைப்பிரதி கிடையாது. தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறவரை ஜெபம் முடியும்வரை காக்க வைப்பது கிடையாது. ஒருவர் தானாகவே "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றால், அவர் சாப்பிட்ட பிறகு, சுருக்கமாக. "அப்போ சர்ச் எதுக்கு?" என்று மூப்பர் ஒருவர் கேட்டார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அங்கே பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், நோயாளியைப் போய்ப் பார்த்தது, இவைதான் கணக்கு. கைப்பிரதிக் கணக்கு கேட்கப்படவில்லை.

இன்னொன்றும் அந்தம்மாவிடம் சொல்லுங்கள். மாட்டிறைச்சி எங்கள் அண்டாவில் எப்போதுமே ஏறாது. புரட்டாசி மாதம் முழுக்க இறைச்சியே இல்லை, சுகர் பீன்ஸ் குழம்பும் பருப்பும்தான். இங்கே புரட்டாசி எவ்வளவு கண்டிப்பு என்று ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. செப்டம்பர் நடுவிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம்.

என் மகனுக்குத் தமிழ் அரைகுறை, ஜூலு சுத்தமா தெரியாது. வயசானவங்ககிட்ட என்ன பேசுவான்?

இந்த ஊர்த் தமிழ் ஆயாக்களும் ஆங்கிலம்தான் பேசுவார்கள். நடுவில் சட்டி, சோறு, சாமி என்று தமிழ் வந்து விழும். ஜூலு பேசுகிற வீட்டில் ஒருவரைப் பார்த்தால் "சவுபோனா", பலர் இருந்தால் "சனிபோனானி", பாட்டியை "கோகோ". இந்த மூன்றையும் முதல் வாரமே சொல்லிக் கொடுப்போம். மீதியை அவர்களே கற்றுக் கொடுப்பார்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கவும் செய்வார்கள்.

பேசுவதற்கு விஷயம் தேடி அலைய வேண்டாம். பல்ப் மாட்டிக் கொடுப்பது, மருந்துப் பெட்டியில் எது காலை எது இரவு என்று எழுதி ஒட்டுவது, முனிசிபாலிட்டி பில்லை வாசித்துச் சொல்வது என்று கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். கேக்கும் குளிர்பானமும் மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். டர்பன் இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை வியாதி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இருமல் நிற்காத வீடு என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டு உட்காரச் சொல்கிறோம். காசநோய் இந்த மாகாணத்தில் மிக அதிகம். இன்னார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அந்த வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வரக்கூடாது.

பாட்டில்பிரஷ் பக்கமெல்லாம் பிள்ளைங்கள அனுப்பறீங்களே, பாதுகாப்பா?

பாட்டில்பிரஷ் என்பது சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிற குடிசைப் பகுதி. முழுப் பாதுகாப்பு என்று எந்த இடத்தைப் பற்றியும் இந்த நாட்டில் யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, உங்கள் வீட்டு கேட் உட்பட. நாங்கள் செய்வது: நாலு பேருக்குக் குறைந்து போவதில்லை, அந்தக் குடியிருப்பின் பெரியவர் ஒருவர் கூட வராமல் உள்ளே நடப்பதில்லை, மத்தியானம் ஒரு மணிக்கு மேல் தங்குவதில்லை. தங்கச் சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். அந்தப் பெரியவர் "இன்னைக்கு வேண்டாம்" என்று போன் செய்தால் காரணம் கேட்காமல் சாப்பாட்டை வேறு இடத்துக்குத் திருப்பிவிடுவோம்.

மனசு ஒப்பவில்லையென்றால் உங்கள் பிள்ளை சமையலறையோடு நிற்கட்டும். அதுவும் முழு வேலைதான், அரைகுறையில்லை.

பக்கி வண்டி பின்னால உட்கார்ந்து போறாங்களாமே?

எங்கள் வண்டியில் இல்லை. பக்கி, அதாவது பிக்கப் வண்டியின் பின்னால் அண்டா போகும், ஆள் போக மாட்டார்கள்.

2021 கலவரத்துக்கு அப்புறம் அவங்க நம்மள நம்புவாங்களா? நாம ஏன் அங்க போகணும்?

இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள், பெரும்பாலும் குரலைத் தாழ்த்தி. 'அவங்க' என்றால் கறுப்பின மக்கள். அந்த ஜூலையில் நம் மாகாணமான குவாசுலு-நட்டாலிலும் ஜோஹன்னஸ்பர்க் இருக்கிற கௌட்டெங்கிலும் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, தெருவுக்குத் தெரு மக்களே தடுப்பு போட்டுக் காவல் நின்றார்கள். இந்தியர் அதிகமாக வாழ்கிற ஃபீனிக்ஸ் பகுதியில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நம் பக்கம் இழந்ததை மட்டும் பேசுகிறவர்கள் நம்மிடையே அதிகம். பிள்ளைகள் இரண்டையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

சோற்றுப் பொட்டலம் கொடுத்து அதைச் சரிக்கட்டிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாம் எப்போதும் கொடுக்கிறவர்கள், அவர்கள் எப்போதும் வாங்குகிறவர்கள் என்ற ஏற்பாடே கசப்பை வளர்க்கும். அதனால் ஜூலு மொழியில் ஆராதனை நடக்கிற பக்கத்துச் சபைகளின் வாலிபர்களோடு சேர்ந்து சமைக்கிறோம். எந்தத் தெரு, எந்த நாள், யாருக்கு முதலில் என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள். அவர்கள் கிண்டுகிற ஃபுத்து என்ற சோள மாவுக் களியும் மாஸ் என்ற புளித்த பாலும் நம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய், இப்போது பாதிப் பேர் பிரியாணியைத் தொடுவதில்லை. நம்புவார்களா என்று கேட்டால், சிலர் நம்புகிறார்கள், சிலர் தூரத்திலேயே நிற்கிறார்கள். நிற்கட்டும், அது அவர்கள் உரிமை.

படிப்பு கெட்டுப் போகாதா? அவ மெட்ரிக் வருஷம்.

மெட்ரிக், அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆகஸ்ட் முதல் விடுப்பு. செப்டம்பரில் டிரையல்ஸ் என்கிற மாதிரித் தேர்வு, அக்டோபர் நவம்பரில் பரீட்சை. முடித்துவிட்டு வரட்டும். மற்ற வகுப்புகளுக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை போதும்.

பள்ளிக்கும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் கடிதம் கேட்பார்கள். தருவோம், வருகைப் பதிவில் இருக்கிற மணி நேரத்துக்கு மட்டும். "கொஞ்சம் கூட்டிப் போடுங்க அக்கா" என்று பெற்றோரே கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மண்டேலா தினத்துக்கு மட்டும் வந்தா போதாதா?

வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜூலை 18 அன்று நாடு முழுக்க எல்லாரும் 67 நிமிஷம் கொடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். மண்டேலா பொதுவாழ்வில் செலவிட்ட 67 வருஷத்துக்காக அந்தக் கணக்கு. அலுவலகங்கள், வங்கிகள், பள்ளிகள் எல்லாம் ஒரே முதியோர் இல்லத்தில் போய் இறங்கும். ஒரு ஆயா அன்று மூன்று சூப் குடித்துவிட்டு நாலாவதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களால் ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் அடுத்த கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

அப்போ எந்த நாள்ல உதவி அதிகமா தேவைப்படுது?

மாதத்தின் கடைசிப் பத்து நாள். சாசா என்ற அரசு அமைப்பு தருகிற உதவித்தொகைகள் மாதத் தொடக்கத்தில் வந்துவிடும், முதியோருக்கு முதலில், பிறகு ஊனமுற்றோருக்கு, அப்புறம் குழந்தைகளுக்கு. முதியோர் தொகை 2,000 ராண்டுக்குக் கொஞ்சம் மேலே. அதில் ஒரு வீட்டில் ஐந்தாறு பேர் சாப்பிடுவார்கள். அரிசி, சோள மாவு, எண்ணெய், மின்சாரம், கடன் என்று 20-ஆம் தேதி வருவதற்குள் தீர்ந்துவிடும். முதல் வாரத்தில் நாம் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. அதனால்தான் முதல் சனிக்கிழமை சமையல் கிடையாது. அன்று முதியவர்களைப் பார்ப்பதும் விண்ணப்ப மேசையும் மட்டும்.

இரண்டாவது, பள்ளி விடுமுறை. ஏழைப் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளிகளில் அரசாங்கமே மத்தியானச் சாப்பாடு போடுகிறது. பள்ளி மூடினால் சாப்பாடும் நின்றுவிடும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரைக்கும் எத்தனை வாரம் என்று எண்ணிப் பாருங்கள். சரியாக அதே சமயத்தில்தான் நம் வாலிபர்கள் கேம்ப், ஊர்ப் பயணம், கல்யாணம் என்று கலைந்துபோவார்கள். டிசம்பரில் வர முடிகிற ஒரு பிள்ளை ஜூலையில் வருகிற பத்துப் பிள்ளைக்குச் சமம். இதை நான் அறிவிப்பில் சொல்லும்போதெல்லாம் முன்வரிசை தலையாட்டும், பின்வரிசை போனைப் பார்க்கும்.

வீட்ல மிச்சமான சாப்பாடு, பழைய துணி கொண்டு வரலாமா?

மிச்சமான சாப்பாடு வேண்டாம். சோறு ஆறின பிறகு வெளியே கிடந்தால் கெட்டுப்போகும், பார்வைக்குத் தெரியாது. நாங்களே சமைத்ததையும் 60 டிகிரிக்கு மேல் சூடாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம், மிஞ்சினால் அடுத்த நாளைக்கு வைப்பதில்லை. பொலோனி சாண்ட்விச் மலிவுதான், ஆனாலும் தவிர்க்கிறோம். 2017-18 இல் லிஸ்டீரியா கிருமியால் இந்த நாட்டில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காரணம் பொலோனி போன்ற பதப்படுத்திய இறைச்சி என்று கண்டுபிடித்தார்கள்.

துணி என்றால் துவைத்து, பட்டன் தைத்து, உங்கள் தங்கைக்குக் கொடுக்கிற மாதிரி. பள்ளிச் சீருடை கிடைத்தால் ஜனவரியில் தங்கம்.

நான் பதினஞ்சு வருஷமா சண்டே ஸ்கூல் டீச்சர். என்கிட்டயே ஃபாரம் 30 கேக்கறீங்களா?

ஆமாம் அக்கா, உங்களிடமும்தான். பாஸ்டரிடமும் கேட்டோம். 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியில்லாதவர்களின் பெயர் தேசியப் பதிவேட்டின் 'பி' பகுதியில் இருக்கும். ஒருவர் பெயர் அதில் இருக்கிறதா என்று சமூக மேம்பாட்டுத் துறையிடம் விசாரிக்கிற படிவம்தான் 30. பாலியல் குற்றவாளிகளுக்கான பதிவேடு வேறு, அது நீதித்துறையிடம். 2022-லிருந்து அந்தப் பதிவேடு குழந்தைகளோடு நிற்பதில்லை, முதியவர்கள், ஊனமுற்றோர், 25 வயதுக்குட்பட்ட இளம்பெண்களின் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்கிறது. நாம் பார்க்கப் போவது அவர்களைத்தானே.

சம்பளம் வாங்காதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் சம்பளம் கேட்கவே மாட்டான், குழந்தைகள் பக்கத்தில் போக வழி கேட்பான். சர்ச்சில் யாரையும் சந்தேகப்படக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே அந்த வழி இங்கே சுலபமாகத் திறந்துவிடுகிறது. பதில் வர வாரக்கணக்காகும், சில சமயம் மாதக்கணக்கு. அதுவரை சமையலறை வேலை, வீடுகளுக்கு இல்லை.

ஒரு குழந்தை 'யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு சொல்லி ஒரு விஷயத்தைச் சொன்னா?

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. "உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துருவிக் கேட்க வேண்டாம், குழந்தை சொன்ன வார்த்தையை அப்படியே அன்றே எழுதி வைத்துவிட்டு, குழுவின் பெரியவரிடம் உடனே வர வேண்டும்.

ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே இந்த நாட்டில் குற்றம். 2007-ஆம் ஆண்டுச் சட்டம், எல்லாருக்கும் பொருந்தும். குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கலாம், பாஸ்டர் முன்னால் மன்னிப்புக் கேட்கவைக்கலாம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. போலீசுக்கு 10111, குழந்தைகள் உதவிக்கு சைல்ட்லைன் 116.

ஃபேஸ்புக்ல போட நல்ல போட்டோ ஒண்ணாவது எடுக்கக்கூடாதா? பணம் கொடுத்தவங்க கேக்கறாங்க.

அண்டாவை எடுங்கள். வெங்காய மலையை எடுங்கள். சாப்பாடு வாங்குகிறவர் முகம் வேண்டாம். போப்பியா என்ற தனியுரிமைச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது, குழந்தை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், உங்கள் மகள் தட்டோடு வரிசையில் நிற்கிற படம் அவள் வகுப்புப் பிள்ளைகள் போனில் வந்தால் அவள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போவாளா?

ஒரு ஆயா சாசா கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து 'பணம் எடுத்துட்டு வா ராஜா'ன்னு சொன்னாங்களாம். எடுத்துக் கொடுத்தா என்ன தப்பு?

பையன் நல்லவன்தான். ஆனாலும் கூடாது. மஷோனிசா எனப்படும் வட்டிக்காரர்கள் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது சட்டவிரோதம் என்று தெரிந்தும் நடக்கிறது. கார்டையும் பின்னையும் அடுத்தவரிடம் கொடுக்கிற பழக்கத்தை நாமே வளர்த்துவிடக்கூடாது. அதோடு, அடுத்த மாதம் 200 ராண்ட் குறைந்தால் முதலில் பெயர் அடிபடுவது உங்கள் மகன் பெயர்தான்.

சூப்பர்மார்க்கெட் பில் போடுகிற இடத்திலேயே உதவித்தொகையை எடுக்கலாம். ஆயாவை வண்டியில் கூட்டிப்போய், அவர் பின் நம்பர் அடிக்கும்போது திரும்பி நின்று, சாமான் தூக்கிக்கொண்டு வரட்டும். ஆயாவுக்கும் வெளியே போய்வந்த மாதிரி இருக்கும், அதற்காகவே சிலர் கார்டை நீட்டுகிறார்கள்.

நேரா பணமே கேட்டா?

வாலிபர் யாரும் கையிலிருந்து கொடுப்பதில்லை. "நான் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிக் குழுவிடம் கொண்டுவர வேண்டும். திரும்பப் போய்ப் பதில் சொல்வது முக்கியம், இல்லை என்றாலும்.

சாமான் பையை வாங்கி வித்துட்டு சுகர்ஸ் வாங்கறான். அவனுக்கு ஏன் கொடுக்கறீங்க?

சுகர்ஸ் என்றால் மலிவான ஹெராயின் கலவை. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன், 2000-களின் நடுவிலிருந்து சாட்ஸ்வொர்த் குடும்பங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. தகர டப்பாவை விற்கலாம், திறந்த தட்டிலிருக்கிற சோற்றை விற்க முடியாது. அதனால் அவனுக்குத் தட்டு, சாமான் பை அவன் அம்மாவுக்கு, அதுவும் அவன் இல்லாத நேரத்தில். பசித்தவன் சாப்பிடத் தகுதியுள்ளவனா என்று பரீட்சை வைக்க எங்களுக்கு நேரமில்லை.

அவனை ஒரு அறையில் பூட்டி ஜெபித்து விடுவிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுங்கள். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, பேதி, வலி என்று உடம்பு படுகிற பாட்டை மருத்துவர்கள்தான் பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமாக இருந்தால் 10177-க்கு ஆம்புலன்ஸ். ஜெபம் ஆம்புலன்ஸ் வருகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து செய்யலாம்.

கவுன்சிலர் 200 பை தர்றேங்கறார், கட்சி டி-ஷர்ட் போட்டுட்டுக் கொடுக்கணுமாம்.

பையை வாங்கிக்கொள்வோம், டி-ஷர்ட்டைத் திருப்பிக் கொடுப்போம். இரண்டும் சேர்த்துத்தான் என்றால் இரண்டும் வேண்டாம். கைப்பிரதிக்குச் சொன்னதேதான் இதற்கும்.

நான் கொடுக்கற பணத்துக்கு 18ஏ ரசீது கிடைக்குமா?

18ஏ என்பது நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு கேட்க உதவுகிற ரசீது. சபைக் காணிக்கைக்கு அது கிடையாது. மத வேலை 18ஏ பட்டியலில் இல்லை. ஏழைகளுக்கு உதவுவது போன்ற நலப்பணி பட்டியலில் உண்டு, ஆனால் அதற்கென்று வரித்துறையான சார்ஸின் ஒப்புதல் பெற்ற அமைப்பு மட்டுமே அந்த ரசீது தர முடியும். ஒப்புதல் எண் ரசீதில் இருக்க வேண்டும். என்.பி.ஓ., அதாவது தொண்டு அமைப்பு என்ற பதிவு இருப்பதும் 18ஏ இருப்பதும் ஒன்றல்ல. வரிக்கழிவு உங்கள் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை. வெங்காயம் உரித்த நேரத்துக்கு மதிப்புப் போட்டு ரசீது கேட்டார் ஒரு கணக்கர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், உழைப்புக்கு 18ஏ கிடையாது.

வெள்ளம் வந்தா உடனே கிளம்பிடலாமா?

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் இருந்த வீடுகள் மண்ணோடு போயின. அப்போது பிள்ளைகள் மண்வெட்டியோடு கிளம்பத் துடித்தார்கள். மண் நனைந்து நிற்கிற சரிவில் இரண்டாவது முறையும் சரியும். மழை நின்ற அன்று மீட்பு வேலை தெரிந்தவர்களுக்கு வழிவிட்டு நிற்பதே உதவி. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் 1992-ல் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் போன்ற அனுபவம் உள்ளவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன இடத்துக்குப் போகலாம்.

நம் வேலை அதற்கப்புறம் வருகிறது. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப்போனதால் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. முதல் வாரம் துணி மலைபோல் குவிந்தது, இரண்டாம் மாதம் தண்ணீர் கொண்டுபோக ஆளில்லை. 5 லிட்டர் தண்ணீர் கேன், மூடி போட்ட வாளி, சானிட்டரி பேட், குழந்தை நாப்பி, பிளீச். இவற்றை ஆறாவது வாரத்திலும் கொண்டுபோகிற கூட்டம் இருந்தால் போதும். தொலைந்த ஐ.டி. புத்தகத்துக்கு உள்துறை அலுவலக வரிசையில் கூட நிற்கவும் ஆள் வேண்டும். அது இல்லாமல் உதவித்தொகையும் இல்லை.

அவன் ஆர்வமா ஆரம்பிச்சான், இப்போ வர மாட்டேங்கறான். வற்புறுத்தலாமா?

வேண்டாம். ஒரு ஆயாவை வாராவாரம் பார்த்து வந்தவன் என்றால் மட்டும், கடைசியாக ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு, அடுத்து வரப்போகிறவரை அறிமுகம் செய்துவிட்டு நிற்கட்டும். சொல்லாமல் நின்றால் அவர் ஜன்னலண்டையில் காத்துக்கொண்டிருப்பார்.

எங்க சபையிலயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும். முதல்ல என்ன வாங்கணும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். டர்பன் நகருக்குள் இம்மானுவேல் கதீட்ரல் பக்கத்தில் 2015-ல் திறந்த டெனிஸ் ஹர்லி மையம் இருக்கிறது. வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடும் மருத்துவமும் தருகிறார்கள், சர்ச், மசூதி, கோவில் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தன்னார்வலர்கள் போகிறார்கள். உங்கள் பிள்ளைகளை அங்கே மூன்று மாதம் அனுப்புங்கள். பாத்திரம் கழுவக் கற்றுக்கொள்ளட்டும், வரிசையில் நிற்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று பார்க்கட்டும்.

அதற்குள் நீங்கள் உங்கள் தெருவில் யார் ஏற்கெனவே சமைத்துப் போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். கட்டாயம் ஒரு அம்மா இருப்பார், சொந்தக் கையிலிருந்து, போர்டு எதுவும் மாட்டாமல். அவரிடம் போய் எந்த நாள் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டு அந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாரம் 30-ஐ இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், மூன்று மாதம் முடியும்போது பதிலும் வந்திருக்கும். அண்டா வேண்டுமென்றால் எங்களிடம் இரண்டு சும்மா இருக்கிறது, மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.